‘வெண் அன்னம்’ முகாமின் எடை வரலாறு

எங்கள் ஏரிக்கரைக் குழந்தைகள் கோடை முகாமின் எழுபது ஆண்டு வரலாற்றை எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்ததற்கு ஒரே காரணம், நான் தலைநகர் பிஷ்கேக்கில் இதழியல் படிக்கிறேன் என்பதுதான். இதழியல் மாணவன் பொய்யைக் கொஞ்சம் கோர்வையாக எழுதுவான் என்று இயக்குநர் ஜிபார்குல் எஜே நம்பினார். எஜே என்றால் அக்கா. ஏரியின் வடகரையில் அவரைவிட வயதில் இளைய எல்லாருக்கும் அவர் எஜே. அந்தக் கணக்கில் ஏரியைத் தவிர எல்லாருக்கும்.

"இலிம், நீ காலேஜ்ல ஏதோ கிண்டல் பத்திரிகை நடத்துறியாமே? அந்த வேலையெல்லாம் இங்க வேணாம். நல்ல புள்ளையா நாலு பக்கம் எழுது. கேக்குறவங்களுக்குக் கண்ணு கலங்கணும்."

"யாரு எஜே கேக்கப் போறாங்க?"

"அமைச்சகத்துலருந்து வர்ற கமிஷன்."

"அவங்களுக்குக் கண்ணு இருக்கா எஜே?"

"உன் வாயில ரவைக் கஞ்சிய ஊத்த!"

எங்கள் முகாமில் இதைவிடப் பெரிய சாபம் கிடையாது. நான் எழுத உட்கார்ந்தேன்.

விஷயம் இதுதான். ஏரிக்கரை நிலம் அரசாங்கத்துடையது. குழந்தைகளின் உடல்நலத்தைத் தேற்றுவதற்காக மட்டும் என்ற நிபந்தனையோடு முகாமுக்குக் குத்தகைக்கு விட்டிருந்தார்கள். அந்தக் குத்தகை இந்த இலையுதிர்காலத்தோடு முடிகிறது. பக்கத்து ஓட்டல் முதலாளி கெங்கெஷ் இப்போதே வேலிக்கு அந்தப்பக்கம் நின்று, எங்கள் கைப்பந்து மைதானத்தில் தன் நீச்சல் குளம் எப்படிப் பொருந்தும் என்று தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு பெரிய ஏரியின் கரையில் நீச்சல் குளம் எதற்கு என்று கேட்கக் கூடாது. அங்கே வந்து தங்குகிறவர்கள் கேட்கிறார்களாம்.

எஜேக்கு முகாம் வேலை மட்டுமல்ல, வீடும் அதுதான். முதலுதவி அறைக்குப் பின்னால் ஒரு சிறு அறை. ஒரு கட்டில், ஒரு இரும்பு அடுப்பு. பிள்ளைகள் போன பிறகும் குளிர்காலம் முழுக்க அங்கேயே இருப்பார். அந்த ஏரி எந்தக் குளிருக்கும் உறைவதில்லை. எஜேயும் அப்படித்தான்.

"இந்த இடம் போச்சுன்னா எனக்குப் போக்கிடம் இல்லடா" என்றார் என்னிடம். "கெங்கெஷ் இப்பவே சொல்லிட்டான், துண்டு மடிக்க ஆள் வேணும், நீங்க வாங்க எஜேன்னு. மரியாதையாத்தான் சொன்னான். அதான் வயித்தெரிச்சல்."

வரலாற்றுக்கு வருகிறேன். சோவியத் காலத்தில், தலைநகரின் ஒரு தையல் ஆலைத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காக இது தொடங்கப்பட்டது. அப்போது பெயர் ‘செம்பொறி’. நாடு தனியானதும் அதே வாசல் வளைவில் அதே இரும்பு எழுத்துகளை வெட்டி ஒட்டி ‘வெண் அன்னம்’ ஆக்கினார்கள். இடையில் ஒரு தொலைபேசிக் கம்பெனி உதவி செய்த இரண்டு கோடைகளில் அதன் பெயர். பிறகு மறுபடி அன்னம். மைதானத்து நடுவில் ஊதுகொம்போடு நிற்கும் சிறுவன் சிலை மட்டும் எல்லாப் பெயருக்கும் ஒத்துழைத்தது. கொம்பு உடைந்தபோது கையில் ஒரு பருந்தை வைத்தார்கள். பருந்து பறந்துவிட்டது, அதாவது யாரோ பழைய இரும்புக் கடைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இப்போது அவன் கைப்பந்து வலையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். எங்கள் நாட்டில் இவ்வளவு விதமான வேலை பார்த்து ஓய்வூதியம் கேட்காதவன் அவன் ஒருவன்தான்.

ஆனால் முகாமின் உண்மையான வரலாறு எடையின் வரலாறு. முகாமுக்கு வந்த பிள்ளை ஒழுக்கம் கற்றானா, நட்பு பாராட்டினானா, பாட்டின் இரண்டாம் சரணமாவது மனப்பாடம் ஆனதா என்று அளக்க மாஸ்கோவிலும் கருவி கிடையாது. எடை பார்க்கக் கருவி இருந்தது. ஆகவே எடை பார்த்தார்கள். வந்த அன்று ஒருமுறை, போகிற அன்று ஒருமுறை. ஒல்லியாக வந்த பிள்ளை குண்டாகப் போனால் முகாம் வெற்றி. கூடவே கட்சியும் வெற்றி.

தொடக்கத்தில் அது உண்மையான எடைதான். போருக்குப் பிந்திய வீடுகளின் பிள்ளைகள். வெண்ணெய் என்பதைச் சுவரொட்டியில் பார்த்தவர்கள். வந்தார்கள், சாப்பிட்டார்கள், கனத்தார்கள். சிக்கல் பிறகுதான் வந்தது. ஒவ்வொரு கோடையும் போன கோடையைவிட அதிகம் கனக்க வேண்டும் என்று மேலிடம் எதிர்பார்க்க ஆரம்பித்தது. பிள்ளைகளின் வயிற்றுக்கு ஐந்தாண்டுத் திட்டம் தெரியாது. எனவே இயக்குநர்கள் மூளையைப் பயன்படுத்தினார்கள். முதல் இயக்குநர், மலைப்பாதையில் பஸ்ஸில் வாந்தி எடுத்துக்கொண்டே வந்த பிள்ளைகளை இறங்கிய நிமிடமே எடை மேடையில் ஏற்றினார். அடுத்தவர், கடைசி நாளுக்கு முந்தின இரவு உப்பு மீன் போட்டார். பிள்ளைகள் விடிய விடியத் தண்ணீர் குடித்து, காலையில் குடம் மாதிரி வந்து நின்றார்கள். தொண்ணூறுகளில் மீனும் இல்லை, உப்புக்கும் தட்டுப்பாடு. அப்போது பொறுப்புக்கு வந்தவர்தான் இளம் ஜிபார்குல் எஜே. அவர் ஏரியைப் பார்த்தார். கரையில் கூழாங்கற்கள் இலவசமாகக் கிடந்தன. பிள்ளைகளுக்குக் கால்சட்டைப் பை இருந்தது.

இதையெல்லாம் நான் எழுதவில்லை. நான் எழுதியது வேறு மாதிரி. கிண்டலாகத்தான் எழுதினேன்: ‘ஏரி நீலமாக இருந்தது, எங்கள் இலட்சியமும் நீலமாக இருந்தது’, ‘கஞ்சியின் ஆவியில் ஒரு தலைமுறை நிமிர்ந்தது’, ‘எழுபது ஆண்டுகளில் எடை கூடாமல் இந்த வாயிலைத் தாண்டிய பிள்ளை ஒன்றுகூட இல்லை.’ எஜே படித்துவிட்டு என் தாளை மார்போடு அணைத்துக்கொண்டார். மூக்கை உறிஞ்சினார்.

"நீ இவ்ளோ நல்லவன்னு எனக்குத் தெரியாதுடா."

கிண்டல் பத்திரிகை நடத்துகிறவனுக்கு இதைவிடப் பெரிய தோல்வி இல்லை.

பிள்ளைகள் வீடு திரும்பும் நாளில்தான் கமிஷன் வருவதாக இருந்தது. அதற்கு இரண்டு நாள் முன்பு எஜே ஒத்திகைக்காகச் சில பிள்ளைகளை எடை போட்டுப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. எல்லாரும் இளைத்திருந்தார்கள். காரணம் எளிது. வந்த அன்றே கைப்பேசிகளை வாங்கிப் பூட்டி வைத்துவிட்டோம். வேறு வழியில்லாமல் அவர்கள் ஓடினார்கள், நீந்தினார்கள், மரம் ஏறினார்கள். மூன்று வேளையும் சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்தார்கள். ஆனால் வந்ததோடு சரி. சமையற்காரி தோஸ்யா அத்தையின் ரவைக் கஞ்சி எழுபது ஆண்டு மரபு. அதன் கட்டிகளும் அதே வயது.

"எல்லாக் குழு வழிகாட்டிகளும் கரைக்கு வாங்க" என்றார் எஜே. "வழுவழுப்பான கல்லாப் பொறுக்குங்க. ஒவ்வொண்ணையும் சாக்ஸ்ல சுத்தி வைங்க, நடக்கும்போது சத்தம் வரக் கூடாது. பேராசைப்படாதீங்க. போன தடவ ஒரு பையன் கால்சட்டையே எடை மேடை மேல அவுந்து விழுந்துச்சு."

நான் வழிகாட்டியாக இருந்த குழுவில் சைக்கால் என்று ஒரு பெண். பதின்மூன்று வயது. முகாமுக்கு வந்ததிலிருந்து கஞ்சியைத் தொடாததைக் கொள்கையாக வைத்திருந்தாள்.

"நான் கஷ்டப்பட்டு இளைச்சிருக்கேன். கல்ல வெச்சு அதக் கெடுக்கச் சொல்றீங்களா?" என்றாள்.

"முகாமுக்காகம்மா."

"முகாமா அடுத்த மாசம் கடையில ஜீன்ஸ் போட்டுப் பாக்கப் போகுது?"

"எஜேக்காக."

அவள் பெருமூச்சு விட்டாள். கல்லை வாங்கிக்கொண்டாள்.

கமிஷன் என்றதும் தொப்பையும் தோல்பையுமாக மூன்று பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்தோம். வந்தது ஒரு பெண். ஸீனத் அஸ்கரோவ்னா, முப்பது வயது இருக்கும், வெள்ளை விளையாட்டுக் காலணி, கையில் தண்ணீர்ப் புட்டி. எஜே வாசலிலேயே ரொட்டியையும் வெண்ணெயையும் ஜாமையும் நீட்டினார். எங்கள் ஊரில் ரொட்டியை ஒரு கிள்ளு கிள்ளி வாயில் போடாமல் யாரும் வாசலைத் தாண்டுவதில்லை. சண்டைக்கு வருகிறவன்கூட ஒரு வாய் போட்டுவிட்டுத்தான் சண்டையை ஆரம்பிப்பான்.

"நன்றி. நான் மாவுப் பொருள் எடுத்துக்கிறதில்ல" என்றார் ஸீனத்.

எஜே என் பக்கம் சாய்ந்து, "சாப்பிடாத அதிகாரிடா. நாம செத்தோம்" என்றார்.

பின்னாலேயே கெங்கெஷும் வந்துவிட்டார். "நான் சும்மா, பக்கத்து வீட்டுக்காரன்கற முறையில" என்றபடி ரொட்டியில் பெரிய துண்டாகப் பிய்த்து, ஜாமில் தோய்த்துக்கொண்டார். நீச்சல் குளம் கட்டப்போகும் இடத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தும்விட்டார்.

மைதானத்தில் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். வழக்கத்தைவிட அசையாமல் நின்றார்கள். அதற்குக் காரணம் ஒழுக்கம் அல்ல. நான் வரலாற்றை வாசித்தேன். நீல இலட்சியம் வந்தது, கஞ்சியின் ஆவி வந்தது. எஜே உதட்டைக் கடித்துக்கொண்டார். ‘எடை கூடாமல் இந்த வாயிலைத் தாண்டிய பிள்ளை ஒன்றுகூட இல்லை’ என்றபோது ஸீனத் தலையை நிமிர்த்தினார்.

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட இல்லீங்க!" எஜேயின் குரலில் எழுபது ஆண்டுப் பெருமை. "என் காலத்துல இல்ல, எனக்கு முன்னால இருந்தவங்க காலத்துலயும் இல்ல."

"எல்லாப் புள்ளைங்களும் கூடியிருக்காங்க?"

"பாருங்களேன், உங்க கண்ணால பாருங்க."

பிள்ளைகள் ஒவ்வொருவராக எடை மேடையில் ஏறினார்கள். எடைத்தண்டில் நர்ஸ் நகர்த்திய குண்டு வலப்பக்கமாகவே போய்க்கொண்டிருந்தது. ஒருவன் இரண்டு கிலோ கூடுதல். ஒருத்தி இரண்டரை. ஸீனத்தின் புருவம் ஏற ஏற எஜேயின் முகம் மலர்ந்தது. வியப்பு என்று நினைத்துக்கொண்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"நிறுத்துங்க" என்றார் ஸீனத். "எஜே, நாட்டுல ‘லேசான தலைமுறை’ திட்டம் நடக்குறது உங்களுக்குத் தெரியாதா?"

"என்ன தலைமுறை?"

"பருமனான குழந்தைகளோட எண்ணிக்கையக் குறைக்குற திட்டம். டி.வி.யில தினமும் சொல்றோமே!"

"எங்க டி.வி.யில பக்கத்து நாட்டுக் கசாக் சேனல் மட்டும்தான் வரும்" என்றார் எஜே. "அவங்க குண்டா ஒல்லியான்னு எதுவும் சொல்லலயே."

"குழந்தைகளோட எடையக் கூட்டுற நிறுவனத்துக்குக் குத்தகைய நீட்டிக்கக் கூடாதுன்னு உத்தரவு. நீங்க எழுபது வருஷமா கூட்டிக்கிட்டே இருக்கீங்க. அதப் பெருமையா மேடையில வேற படிக்குறீங்க!"

எஜேக்கு அது காதில் விழுந்தது, மண்டைக்குள் இறங்கவில்லை. "ஒல்லியா வந்த புள்ளைய நல்லா ஆக்கி அனுப்புனா அது குத்தமா மகளே? நான் மொத மொத இங்க வேலைக்கு வந்தப்ப, ஒரு தாய் பஸ்ஸுலேர்ந்து எறங்குன புள்ளைய அடையாளம் தெரியாம அடுத்த புள்ளையக் கட்டிப் புடிச்சுட்டா. அவ்ளோ கன்னம்! அன்னைக்கு எனக்கு மெடல் குடுத்தாங்க."

"அது அந்தக் காலம்."

"எங்க ஓட்டல்ல உடற்பயிற்சிக் கூடம் இருக்கு" என்றார் கெங்கெஷ், ஜாமை நக்கிக்கொண்டே. "ஏரியில சறுக்குறதுக்கு உயரமான சறுக்கு இருக்கு. ஏறி ஏறி எறங்குனா உடம்பு தன்னால குறையும். சும்மா தகவலுக்குச் சொல்றேன்."

எஜே சிலையின் பீடத்தில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு முதல்முறையாகக் கிண்டல் எதுவும் தோன்றவில்லை. குளிர்காலத்தில் கெங்கெஷின் பின்கட்டில் அவர் துண்டு மடித்துக்கொண்டிருப்பது மட்டும் கண்ணுக்குத் தெரிந்தது.

அப்போது எடை மேடையில் நின்றிருந்தது சைக்கால். ஸீனத்தின் கவனம் இந்தப் பக்கம் இருந்தாலும் நர்ஸ் கடமை தவறாதவர்; உரக்க அறிவித்தார்: "மூணு கிலோ கூடுதல்!"

கெங்கெஷ் சிரித்தார். "இந்தப் பாப்பா ஏறுனா என் சறுக்கு தாங்காது போலருக்கே."

சைக்காலின் முகம் சிவந்தது. "யாரப் பாத்து சொல்றீங்க? நான் ஏறல! எறங்கியிருக்கேன்! இது எல்லாம் கல்லு!"

இரண்டு பைகளிலிருந்தும் சாக்ஸ் உருண்டைகளை உருவி ஸீனத்தின் மேசைமேல் கொட்டினாள். ஒன்று உருண்டு ஜாம் கிண்ணத்தில் விழுந்தது.

"என்ன இது?" என்றார் ஸீனத்.

"மோசடி!" கெங்கெஷ் துள்ளி எழுந்தார். "பட்டப்பகல்ல மோசடி! எழுதிக்கோங்க!"

எல்லாரும் எஜேயைப் பார்த்தோம். இரண்டே வழிதான். பிள்ளைகளைக் குண்டாக்கினேன் என்று ஒப்புக்கொண்டு முகாமை இழக்கலாம். அல்லது எழுபது ஆண்டுகளாக ஏமாற்றினோம் என்று ஒப்புக்கொண்டு மெடலை இழக்கலாம். எஜே மெதுவாக எழுந்தார். பாவாடையில் ஒட்டிய புழுதியைத் தட்டினார்.

"புள்ளைங்களா," என்றார், "எல்லாரும் பையக் காலி பண்ணுங்க."

மைதானம் முழுக்கக் கல்மழை. சில பிள்ளைகள் நிம்மதியில் குதித்தார்கள். ஒருவன் சட்டைக்குள்ளிருந்தும் இரண்டை எடுத்தான். அவனுக்குப் பொறுப்புணர்ச்சி அதிகம்.

"இப்ப மறுபடி போடுங்க" என்றார் எஜே நர்ஸிடம். "உள்ளதப் போடுங்க."

குண்டு இந்தமுறை இடப்பக்கம் நகர்ந்தது. ஒரு கிலோ குறைவு. ஒன்றரை குறைவு. சைக்கால் இரண்டு கிலோ குறைவு. மேடையிலிருந்து அவள் இறங்கிய விதத்தைப் பார்த்தால் ஒலிம்பிக்கில் தேசியகீதத்துக்குக் காத்திருப்பவள் மாதிரி இருந்தது. கடைசிப் பிள்ளை வரை எல்லாருமே குறைவு. ஸீனத் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"எஜே, இந்தத் திட்டம் ஆரம்பிச்சு ரெண்டு வருஷம் ஆச்சு. நாடு பூரா சுத்திட்டேன். ஒரு எடத்துலகூடக் குறையல. சில எடத்துல நான் போய்ட்டு வந்த பிறகு கூடியிருக்கு. எனக்குப் பிஷ்கேக்குல பதில் சொல்ல முடியல." அவர் குரல் தாழ்ந்தது. "உங்க முறை என்ன?"

"முறையா?" எஜே விழித்தார். பொய் சொல்லி அலுத்த முகம் அது. "முறையெல்லாம் எதுவும் இல்லம்மா. எங்க கஞ்சிதான்."

"பாக்கலாமா?"

தோஸ்யா அத்தை ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு கிண்ணம் கொண்டுவந்தார். வந்ததிலிருந்து எதையும் தொடாத ஸீனத் ஒரு கரண்டி வாயில் வைத்தார். மென்றார். கஞ்சியை மெல்ல வேண்டியிருக்கிறது என்பதே அவருக்குப் புதிய செய்தி. கொஞ்ச நேரம் ஏரியைப் பார்த்தார். பிறகு கரண்டியை ஓசைப்படாமல் கீழே வைத்தார்.

"புரியுது" என்றார். "தயவுசெஞ்சு இத மாத்திராதீங்க."

"மாத்தணும்னு யாரு சொன்னா?" என்றார் தோஸ்யா அத்தை. "அமைச்சகமே பாராட்டுது ஜிபா, கேட்டியா?" பிறகுதான் அவருக்கு எதுவோ உறைத்தது. "இரு, எதுக்குப் பாராட்டுது?"

அத்தை கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"கல்லு!" கெங்கெஷ் இன்னும் கத்திக்கொண்டிருந்தார். "அந்தக் கல்ல என்ன பண்ணப் போறீங்க? அதையும் எழுதுங்க!"

"எங்க படிவத்துல கல்லுக்குக் கட்டம் இல்ல" என்றார் ஸீனத்.

குத்தகை நீட்டிக்கப் பரிந்துரை எழுதப்பட்டது. ‘வெண் அன்னம்’ நாட்டின் முன்மாதிரி முகாம் ஆனது. கெங்கெஷ் நாற்காலியை மடித்துக்கொண்டு, ஆனால் மீதி ரொட்டியையும் எடுத்துக்கொண்டு, வேலிக்கு அந்தப்பக்கம் போனார்.

"ஜெயிச்சுட்டோம் எஜே!" என்றேன்.

"எதுல?" என்றார் எஜே. பஸ்ஸுக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தக் கழுத்தெலும்பப் பாரு. நம்மகிட்ட இருந்துட்டுப் போற புள்ளடா அது. வீட்டுல எறங்குனதும் தாய்க்காரி என்ன நெனப்பா?"

பிறகு சமையலறைக்குள் போனார். கோபித்துக்கொண்டு படுத்திருந்த தோஸ்யா அத்தையைத் தாண்டி அடுப்பைப் பற்றவைத்தார். வெங்காயமும் உருளைக்கிழங்கும் வெண்ணெயில் வதங்கும் வாசனை மைதானம் வரை வந்தது. இத்தனை நாளில் அந்தச் சமையலறையிலிருந்து வந்த முதல் வாசனை. பஸ் கிளம்பும் நேரத்தில் உருளைக்கிழங்கு அடைத்துப் பொரித்த பிரோஷ்கியோடு தட்டுத் தட்டாக வெளியே வந்தார். ஸீனத்தின் கார் வளைவைத் தாண்டிப் போய்விட்டதா என்று எட்டிப் பார்த்துவிட்டு, ஜன்னல் ஜன்னலாகத் திணிக்க ஆரம்பித்தார்.

"எஜே, நான் டயட்" என்றாள் சைக்கால்.

"உன் டயட்டு கணவாயத் தாண்டி ஆரம்பிக்கட்டும். இங்க நான் இருக்கேன். வாயத் தொற."

சைக்கால் வாயைத் திறந்தாள். முதலாவதை முடித்துவிட்டு அவளே கையை நீட்டினாள். பஸ் முழுக்க மெல்லும் சத்தம்.

அந்த நேரம் பார்த்து ஸீனத்தின் கார் திரும்பி வந்தது. இறங்கியவர் கையில் கைப்பேசி. "ஒரு சின்ன வீடியோ எஜே, டி.வி.க்கு. புள்ளைங்க சந்தோஷமா விடைபெறுற மாதிரி. ‘லேசான தலைமுறை’ன்னு எல்லாரும் சேந்து ஒரு குரல் குடுத்தாப் போதும்."

எஜே தட்டைப் பாவாடைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். பஸ்ஸுக்குள் எல்லா வாயும் நிறைந்திருந்தது. ஜன்னலோரம் வந்து பல்லைக் கடித்தபடி சொன்னார்: "யாரும் வாயத் தொறக்காதீங்க. கைய மட்டும் ஆட்டுங்க."

பிள்ளைகள் கையை ஆட்டினார்கள். உப்பிய கன்னங்களோடு, இறுக மூடிய உதடுகளோடு. சைக்காலுக்கு விழுங்க முடியாமல் கண்ணில் நீர் முட்டியது. ஸீனத் அவள் முகத்தை நெருக்கத்தில் எடுத்தார். பஸ் நகர்ந்தது.

அன்று மாலைச் செய்தியில் அது வந்தது; என் கைப்பேசியில் பார்த்தோம். பிரிவுத் துயரத்தில் பிள்ளைகளால் பேசக்கூட முடியவில்லை என்றார் செய்தி வாசிப்பவர்.